கடன்களை அவர் ஏற்றுக்கொள்கிறார், கையெழுத்தோ என்னுடையது: பாதிக்குப் பாதி நியாயமான பிரிப்பா?

நடுவாசல் எழுதியது:

வணக்கம். நானும் என் கணவரும் 12 ஆண்டு மண வாழ்க்கைக்குப் பிறகு, இருவரும் சம்மதித்தே பிரிந்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். தனித்தனியாக வாழத் தொடங்கி 14 மாதங்கள் ஆகின்றன. 9 வயது மகள் என்னுடன் இருக்கிறாள். அவளுடைய பராமரிப்பைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாததால் அதை இங்கே எழுதவில்லை. என் கேள்வி சொத்தையும் கடனையும் பற்றியது மட்டுமே.

சென்ற வாரம் அவர் ஒரு நோட்டுத் தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் எங்களிடம் இருப்பதையும் வலப்பக்கம் நாங்கள் கொடுக்க வேண்டியதையும் தம் கைப்பட எழுதித் தந்தார். உண்மைத் தொகைகளைப் பொதுவில் வைக்க விருப்பமில்லை. விகிதம் மாறாமல் சிறிய எண்களாக மாற்றி எழுதுகிறேன். இருவர் பெயரிலும் உள்ள வீட்டின் இன்றைய மதிப்பு 120, அதன் மேலுள்ள வீட்டுக்கடன் நிலுவை 42, ஆக நிகரம் 78. அவருடைய ஓய்வுக்கால நிதி 30, என்னுடையது 6. வலப்பக்கத்தில், அவருடைய சொந்தத் தொழிலுக்கான கடன் 18, அவர் பெயரிலுள்ள கடன் அட்டையில் நிலுவை 5, அவருடைய அண்ணனிடம் வாங்கிய கைமாற்று 6. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 85 வருகிறது, பாதி 42.5. என்னிடம் ஏற்கெனவே 6 இருப்பதால் மீதி 36.5-ஐ மூன்று ஆண்டுகளில் தவணையாகத் தந்துவிடுவதாகவும், வீட்டையும் எல்லாக் கடன்களையும் தாமே ஏற்றுக்கொள்வதாகவும் சொல்கிறார். "கடன் எதுவும் உன் தலையில் விழாது" என்பது அவர் வாக்கு. அவர் ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் எண்ணவில்லை.

ஆனாலும் சில விஷயங்கள் உறுத்துகின்றன. 9 ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டை 80-க்கு வாங்கியபோது என் அம்மா எனக்கென்று கொடுத்த 12 முன்பணத்தில் சேர்ந்தது. இன்னொரு 8 எங்கள் இருவருடைய சேமிப்பு. மீதி 60 கடன். வீட்டுக்கடனில் நானும் கூட்டுக் கடனாளி. தொழில் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று அன்று படித்துப் பார்க்கவில்லை, பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டேன். மகள் பிறந்த பிறகு 6 ஆண்டுகள் வேலைக்குப் போகவில்லை. என் ஓய்வுக்கால நிதி இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

எந்த நாட்டுச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வேன். வழக்கறிஞரிடம் போவதற்கு முன், நியாயமான பிரிப்பு என்றால் அதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை நானே புரிந்துகொள்ள விரும்புகிறேன்.


பேரேடு எழுதியது:

கணக்குத் தணிக்கை என் தொழில் என்பதால் எண்களிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கணவரின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவதாக, தொழிலுக்காக வாங்கிய கடன் 18 வலப்பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கடனால் வாங்கிய பொருள் இடப்பக்கத்தில் எங்கே? கடனைப் பொதுக் கணக்கில் சேர்ப்பதானால் அந்தப் பணம் எதுவாக மாறியதோ அதையும் சேர்க்க வேண்டும். சேர்க்க விருப்பமில்லை என்றால் இரண்டையும் சேர்த்தே வெளியே எடுத்துவிட வேண்டும். இயந்திரங்கள், கையிருப்புச் சரக்கு, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஆகியவற்றின் இன்றைய மதிப்பைக் கேளுங்கள். பேச்சுக்கு அது 22 என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொழில் 18 கழிக்கும் இனமாக இல்லாமல் 4 கூட்டும் இனமாக மாறிவிடுகிறது. பிரிவினைப் பட்டியல்களில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் விடுபடல் இதுதான். பெரும்பாலும் சூது எதுவும் இருக்காது, தொழில் நடத்துகிறவருக்குக் கடன் மாதந்தோறும் கண்ணில் படுகிறது, இயந்திரம் சுவர் ஓரத்தில் பேசாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, உங்கள் அம்மா தந்த 12. அது உங்களுக்கென்று தரப்பட்டது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டால் பொதுப் பானையிலிருந்து அதை முதலில் எடுத்துக்கொள்வது நியாயம். எவ்வளவு எடுப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. போட்ட தொகையான 12-ஐ அப்படியே எடுக்கலாம். அல்லது 80-இல் 12 என்பது 15 விழுக்காடு என்பதால் இன்றைய 120-இல் 15 விழுக்காடான 18-ஐ எடுக்கலாம். இரண்டாவது வழியே பணத்தின் உண்மையான பங்கைக் காட்டுகிறது என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் அதைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் கணவரின் ஓய்வுக்கால நிதியில் திருமணத்துக்கு முன்பே சேர்ந்திருந்த தொகை ஏதேனும் உண்டா? உண்டென்றால் அது அவருடையது. உங்கள் 12 வளர்ந்ததாகக் கணக்கிடும்போது அவருடைய அந்தத் தொகையும் 12 ஆண்டு வட்டியோடு வளர்ந்ததாகவே கணக்கிட வேண்டும். ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைக்காமல் நியாயம் பேச முடியாது. இப்போதைக்கு அது 4 என்று அனுமானித்து, இரண்டு பேருக்கும் போட்ட தொகையை மட்டும் திருப்பித் தரும் எளிய வழியில் போடுகிறேன்.

மூன்றாவது, கடன் அட்டை. தனித்தனியாக வாழத் தொடங்கிய நாளுக்கு முந்திய செலவும் பிந்திய செலவும் ஒன்றல்ல. 14 மாத அட்டைப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் போன தொகை எது, அவருடைய தனி வாழ்க்கைக்குப் போன தொகை எது என்று தெரிந்துவிடும். 5-இல் 3 பொது, 2 அவருடையது என்று கொள்கிறேன்.

இனிப் பாருங்கள். 78, 30, 6, 22 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 136. அதிலிருந்து தொழில் கடன் 18, அட்டை 3, அண்ணன் தந்த 6 போக 109. உங்கள் 12-ஐயும் அவருடைய 4-ஐயும் எடுத்துவிட்டால் உண்மையிலேயே இருவரும் சேர்ந்து ஈட்டியது 93, ஆளுக்கு 46.5. உங்கள் 12-ஐச் சேர்த்தால் உங்களுக்கு உரியது 58.5, கையிலுள்ள 6 போக அவர் தர வேண்டியது 52.5. அவர் தாளில் இருப்பது 36.5. இரண்டுமே "பாதிக்குப் பாதி"தான்.

அவர் பக்கத்து நியாயம் ஒன்றும் இருக்கிறது. ஓய்வுக்கால நிதியை எடுக்கும்போது வரி பிடிக்கப்படும் என்றால், அந்த 30-ஐ முழுப் பணமாக மதிப்பிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி. வரி போக 26-தான் மிஞ்சும் என்றால் உங்கள் பங்கில் 2 குறையும். (உங்கள் 6-க்கும் அதே விதி.) வீட்டை விற்றால் வரக்கூடிய வரி, தரகு, பதிவுச் செலவு ஆகியவற்றையும், உண்மையில் விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், கழித்துக்கொள்ள வேண்டும்.

பிரிந்திருந்த 14 மாதங்களில் வீட்டுத் தவணையைக் கட்டியவர் யார், வீட்டில் குடியிருந்தவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டும் அவரே என்றால், தவணையில் வட்டிப் பகுதியை அவர் குடியிருந்ததற்கு ஈடாகக் கொண்டு, அசலில் குறைந்த தொகையை மட்டும் அவர் கணக்கில் வரவு வைப்பது பலரும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு.


கருங்கோட்டு எழுதியது:

குடும்ப வழக்குகளில் வாதாடி வருகிறேன். மேலே பேரேடு எழுதியதை ஏற்றுக்கொண்டு, அவர் தொடாத இடத்தை மட்டும் எழுதுகிறேன். அம்மா, உங்கள் தாளில் உள்ள எண்களைவிட எனக்குக் கவலை தருவது அதிலே எழுதப்படாத மூன்றாவது ஆள். அவர் கடன் கொடுத்தவர்.

நீங்களும் உங்கள் கணவரும் என்ன ஒப்பந்தம் எழுதிக்கொண்டாலும், அதை நீதிமன்றமே தீர்ப்பாக்கித் தந்தாலும், அது கட்டுப்படுத்துவது உங்கள் இருவரைத்தான். வங்கி அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்ல. வீட்டுக்கடனில் நீங்கள் கூட்டுக் கடனாளி என்பதால், வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் பாதிக் கடனுக்கு மட்டும் பொறுப்பானவர் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 42 முழுவதையும் உங்கள் ஒருவரிடமே கேட்க அதற்கு உரிமை உண்டு. ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். உதாரணமாக, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-ஆம் பிரிவு, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பளவே என்கிறது. முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. ஆகவே "கடன்களை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்துக்கு, வங்கியின் எழுத்துமூலமான விடுவிப்புக் கடிதம் கைக்கு வராத வரை, "நான் கட்டுவேன் என்று நம்பு" என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த நல்ல வழி, வீட்டை எடுத்துக்கொள்பவர் தம் ஒருவர் பெயரிலேயே புதுக் கடன் வாங்கிப் பழைய கூட்டுக் கடனை அடைத்துவிடுவது. அவருடைய வருமானத்துக்கு வங்கி அதைத் தர மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு செய்தி: அந்தக் கடனைத் தனியாகத் தாங்க அவரால் முடியும் என்று வங்கி நம்பவில்லை, நீங்கள் மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அந்த நிலையில் வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பதே பாதுகாப்பானது. வீட்டின் மேல் எவ்வளவு பற்றிருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. வரிசையையும் கவனியுங்கள். வீட்டிலுள்ள உங்கள் உரிமையை விடுதலைப் பத்திரம் மூலம் எழுதிக்கொடுப்பதும், கடனிலிருந்து உங்கள் பெயர் நீங்குவதும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்க வேண்டும். முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போனால், உங்களுக்குச் சொந்தமில்லாத வீட்டின் கடனுக்கு நீங்கள் பொறுப்பாளியாக நிற்பீர்கள். இந்த நிலையில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

தொழில் கடன் ஒரே தடவையில் வாங்கித் தவணையாகக் கட்டும் கடனா, எடுத்து எடுத்துக் கட்டும் ஓவர் டிராஃப்ட் வகையா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் இன்று 18 ஆக இருக்கும் நிலுவை, நீங்கள் பிரிந்த பிறகும் வரம்பு வரை ஏறலாம். ஏறியதற்கும் உங்கள் கையெழுத்தே ஜாமீன். இத்தகைய தொடர் ஜாமீனை இனி வரும் பற்றுகளுக்குச் செல்லாது என்று கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து நிறுத்த முடியும். மேலே சொன்ன அதே சட்டத்தின் 130-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஏற்கெனவே எடுத்ததற்கான பொறுப்பு அதனால் நீங்காது. நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தில் இதற்கு மாறாக ஏதும் எழுதியிருக்கிறதா என்பதை உங்கள் வழக்கறிஞர் படிக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்தவுடன் வங்கி அந்தக் கணக்கையே முடக்கி வைக்கலாம், அது அவருடைய தொழிலைப் பாதிக்கலாம். எனவே அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, 36.5 ஆகட்டும் 52.5 ஆகட்டும், மூன்று ஆண்டுத் தவணைக்கு ஒப்புக்கொண்டால் நீங்களும் அவருக்குக் கடன் கொடுத்தவர் ஆகிவிடுகிறீர்கள், அதுவும் ஈடில்லாத கடன். வங்கி அவருக்கு அப்படிக் கொடுக்குமா? தவணை ஏற்பாடு தவிர்க்க முடியாதது என்றால் அந்த வீட்டின் மேலேயே உங்கள் தொகைக்கு ஒரு பொறுப்பு, அதாவது அடமானம் போன்ற ஈட்டு உரிமை, பதிவு செய்யப்பட வேண்டும். வட்டியும், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே செலுத்தத்தக்கது என்ற நிபந்தனையும் எழுதப்பட வேண்டும். அவர் ஏற்றுக்கொண்ட கடனுக்காக வங்கி உங்களிடம் வசூலித்தால் அதை அவர் ஈடு செய்வார் என்ற உறுதிமொழியையும் சேருங்கள். அது வங்கியைத் தடுக்காது. அவர் மேல் வழக்குத் தொடர உங்களுக்கு ஆதாரமாக இருக்கும்.

6 ஆண்டுகள் வேலைக்குப் போகாதது பற்றிக் கேட்டீர்கள். உலகம் இதில் ஒரே மாதிரி நடக்கவில்லை என்றாலும் ஒரே திசையில் நகர்கிறது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு, அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழங்கிய ஒரு தீர்ப்பு, சம்பாதித்தவருக்கும் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டவருக்கும் இடையே பாகுபாடு கூடாது என்றும், எந்தப் பிரிப்பையும் சமபாகம் என்ற உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. சிங்கப்பூரில் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கணக்கிடக்கூடிய ஒரு முறையையே வகுத்தது: பணமாகப் போட்டதன் விகிதம் ஒன்று, வீட்டுப் பொறுப்பு உள்ளிட்ட மறைமுகப் பங்களிப்பின் விகிதம் ஒன்று, இரண்டின் சராசரியே தொடக்கப் புள்ளி. பணத்தில் 70-க்கு 30, பொறுப்பில் 40-க்கு 60 என்றால் 55-க்கு 45 வரும். அமெரிக்காவில் ஒன்பது மாநிலங்கள் மணக்காலத்தில் ஈட்டியதை இருவரின் பொதுச்சொத்தாகக் கொள்கின்றன. மற்றவை நியாயமான பங்கீடு என்ற பெயரில் நீதிபதியின் மதிப்பீட்டுக்கு விடுகின்றன. இந்தியாவில், கோவா நீங்கலாக, மணக்காலத்தில் ஈட்டியது தானாகவே பொதுவாகிவிடும் என்ற விதி இல்லை. யார் பெயரில் சொத்து இருக்கிறதோ அவருடையது என்பதே தொடக்க நிலை, அதனால் அங்கே பரஸ்பரச் சம்மத ஒப்பந்தத்தில் என்ன எழுதிக்கொள்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியமாகிறது. ஆனால் அங்கும் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து வாங்குவதற்கான பங்களிப்பே என்று ஏற்று, கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம உரிமை உண்டு என்று கூறியது.

பேரேடு பயன்படுத்திய சொத்து வகைகளுக்கு நம் மொழியில் பழைய பெயர்களே இருக்கின்றன. 1707-இல் ஒல்லாந்தர் ஆட்சியின்போது எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமை, மனைவி கொண்டுவந்ததைச் சீதனம் என்றும், பரம்பரையாக வந்ததை முதுசம் என்றும், மணவாழ்வில் ஈட்டியதைத் தேடியதேட்டம் என்றும் பிரித்து வைத்தது. உங்கள் தாளில் தேடியதேட்டம் மட்டுமே பாதியாக வேண்டும். உங்கள் அம்மாவின் 12 அதில் சேராது.


கிழக்குச்சாளரம் எழுதியது:

சட்டம் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஒப்பந்தத்தில் வாகனக் கடனை முன்னாள் மனைவி கட்டுவார் என்று தெளிவாக எழுதியிருந்தது. வாகனமும் அவரிடமே இருந்தது. கடன் என் பெயரிலும் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டினார். பிறகு அவருக்கு வேலை போயிற்று. கடிதங்கள் எல்லாம் நாங்கள் முன்பு குடியிருந்த முகவரிக்குப் போயின. அங்கே புதிதாக வந்தவர்கள் அவற்றை மின்பெட்டியின் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். நான்கு மாதம் கழித்து, வேறொரு சிறு கடனுக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டுத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அதைப் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "இதில் எங்கள் கையெழுத்து இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. நான்கு தவணையையும் அபராத வட்டியையும் நானே கட்டினேன். முன்னாள் மனைவி மேல் வழக்குப் போட்டிருக்கலாம். வேலையில்லாதவரிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன வாங்குவது?

ஆகையால் ஒரு சின்ன யோசனை: எல்லாம் முடிகிற வரை வீட்டுக்கடன் கணக்கையும் தொழில் கணக்கையும் நீங்களும் பார்க்கும் வசதியை வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் உங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். தவணை தவறியது உங்களுக்கு ஒரு வாரத்தில் தெரிய வேண்டும்.


அரைச்சக்கரம் எழுதியது:

எல்லாரும் எழுதியது சரி என்றாலும் ஒரு எச்சரிக்கை. 12-ஆ 18-ஆ என்ற கேள்வியில் உங்கள் கைக்கு வரும் வேறுபாடு 3 மட்டுமே, ஏனென்றால் கூடுதலாக எடுக்கும் 6-இல் பாதி உங்கள் பொதுப்பங்கிலிருந்தே போகிறது. அந்த 3-க்காக மதிப்பீட்டாளர், எதிர் மதிப்பீட்டாளர் என்று போனால் அதற்கு ஆகும் செலவு இருவரையும் விழுங்கிவிடும். தொழிலின் மதிப்புக்காகவும் கடன் விடுவிப்புக்காகவும் உறுதியாக நில்லுங்கள், மற்றவற்றில் விட்டுக்கொடுங்கள். மேசை நாற்காலி, சலவை இயந்திரம் போன்றவற்றை வாங்கிய விலையில் எழுதாமல், இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதை எழுதினால் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது.


நடுவாசல் எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. கேட்ட விவரங்களைத் தருகிறேன். வீட்டில் குடியிருப்பவரும் தவணை கட்டுபவரும் அவரே. அவருடைய ஓய்வுக்கால நிதியில் திருமணத்தன்று இருந்தது, பேரேடு அனுமானித்ததைப் போலவே, கிட்டத்தட்ட 4. தொழில் கடன் எடுத்து எடுத்துக் கட்டும் வகைதான், வரம்பு 25. அதாவது 18 என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பொறுப்பு எந்த நாளிலும் 25 ஆகலாம் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நேற்று அவரிடம் இயந்திரங்களின் மதிப்பைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை" என்றார். பட்டியல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தனிப் பெயரில் கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்கவும் ஒப்புக்கொண்டார்.

தீராமல் இருப்பது ஒன்று: அவருடைய அண்ணன் தந்த 6. அதற்குப் பத்திரமோ சீட்டோ எதுவும் இல்லை. கடன் என்று என்னிடம் அவர் அப்போது சொல்லவும் இல்லை. தம்பிக்கு அண்ணன் செய்த உதவியை இப்போது கடன் என்று எழுதுகிறாரோ என்ற ஐயம் எனக்கு. அதை நீக்கினால் என் பங்கில் 3 கூடும் என்பதையும் மறைக்கவில்லை.


கருங்கோட்டு எழுதியது:

பத்திரம் இல்லை என்பதால் மட்டும் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. குடும்பத்துக்குள் நடக்கும் கைமாற்றுக்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லை. அதே சமயம், மணமுறிவுப் பேச்சு தொடங்கிய பிறகு திடீரென்று தலைகாட்டும் உறவினர் கடன்களை நீதிமன்றங்கள் ஐயத்தோடுதான் பார்க்கின்றன. நான் மூன்றைப் பார்ப்பேன். பணம் எப்போது வந்தது, பிரிவதற்கு முன்பா பின்பா? வந்த பணம் எங்கே போனது? ஒரு சிறு தொகையாவது எப்போதேனும் திருப்பித் தரப்பட்டிருக்கிறதா? திருப்பித் தந்த தடயம் இருந்தால் அது கடன்தான். பணம் போய்ச் சேர்ந்த இடம் நீங்கள் இப்போது சொத்தாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லும் இயந்திரங்களே என்றால், இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு அதை வாங்கிய கடனை மறுக்க உங்களால் முடியாது; அவருக்கு எதிராக நாங்கள் சொன்ன நியாயம் அப்படியே உங்களுக்கும் பொருந்தும். பொதுக் கணக்கில் கழிக்கப்பட்டாலும், அண்ணனுக்கு நீங்கள் கையெழுத்து எதுவும் போட்டுத் தரவில்லை என்பதால், அவர் உங்களிடம் வந்து கேட்க வழியில்லை. அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொண்டால் போதும்.

பழைய வங்கிப் பட்டியல்களை எடுத்து, அந்த 6 வரவான தேதியையும் இயந்திரத்துக்குப் பணம் போன தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.


நடுவாசல் எழுதியது:

பார்த்துவிட்டேன். 5 ஆண்டுகளுக்கு முந்திய பட்டியல் அது. அண்ணனிடமிருந்து 6 வந்த மறுநாளே அதே தொகை இயந்திரம் விற்றவருக்குப் போயிருக்கிறது. அடுத்த ஆண்டில் இரண்டு முறை சிறு சிறு தொகையாக அண்ணனுக்கு அனுப்பியும் இருக்கிறார். அதையும் கழித்தால் நிலுவை 6 இல்லை, 5.5. இதை அவரிடமே காட்டினேன், அவருக்கும் நினைவில்லை. ஆகவே அந்தக் கடனை 5.5 என்று திருத்தி வலப்பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வங்கி இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும் வரை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடப் போவதில்லை என்று அவரிடம் தெரிவித்துவிட்டேன், ஜாமீனை நிறுத்தும் அறிவிப்பின் வரைவை வழக்கறிஞர் திங்கட்கிழமை தருகிறார்.